தையல் இல்லாத பெல்ட்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எட்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பிஸ்மில்லா எழுதி, அதோடு மூடி அலமாரியில் வைத்திருக்கிறேன். கூச்சம்தான் காரணம். மக்காவுக்கு உம்ரா யாத்திரை போய்வந்தவன் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு போகிற போக்கில் எங்கேயோ ஓர் இடத்தில் தற்பெருமை உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். வந்தது நமக்குத் தெரியவும் தெரியாது. அல்லாஹ்வுக்கும் எனக்கும் நடுவில் இருக்க வேண்டியதை நாலு பேர் படிக்க எழுதுவானேன் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் நான் சொல்லாமல் விட்டதை ஊர் சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஊர் சொல்கிற கதையில் ஒரு பெல்ட் வருகிறது. அது என்னுடைய பெல்ட். கதை மட்டும் என்னுடையது இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். கூத்தாநல்லூர்ப் பக்கம் கடை வைத்திருக்கிறேன். மோட்டார் பம்பு, பைப், வால்வு இந்த மாதிரிச் சாமான்கள். வீட்டில் நானும் என் மனைவியும்தான். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம்.

எங்கள் பக்கத்தில் கைலி கட்டுகிற ஆண்களுக்கு பெல்ட் என்பது அழகுக்குப் போடுவது இல்லை. நாலு விரல் அகலத்தில், பச்சை நிறத்தில், பை வைத்தது ஒன்று எப்போதும் இடுப்பில் இருக்கும். கைலி நிற்பது அதனால்தான். கடைச் சாவி, போன், ரசீது எல்லாம் அதற்குள்தான். வருஷத்துக்கு ஒன்று பிய்ந்துபோகும், இன்னொன்று வாங்கிக்கொள்வோம். பெல்ட் என்றால் பிய்கிற சாமான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

என் மனைவிக்குக் கண்ணில் நீர் அழுத்தம். ஓரப் பார்வை முழுக்கப் போய்விட்டது. பைப்பில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தால் எப்படித் தெரியும்? அப்படித்தான் அவளுக்கு உலகம். எதிரே இருப்பது தெரியும், பக்கத்தில் நிற்பவர் தெரியாது. அதனால் வெளியே போனால் அவள் என் பக்கத்தில் நடப்பதில்லை. எனக்கு நேர் பின்னால், என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு வருவாள். என் முதுகு தெரிந்துகொண்டே இருந்தால் அவளுக்குத் தைரியம்.

ஒரு நாள் தஞ்சாவூரில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். பார்வை இனிமேல் கூடப்போவதில்லை, குறைவதைத் தள்ளிப்போடத்தான் முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். திருவாரூர் பஸ் வந்து நின்றது, கூட்டம் நெருக்கியது. இடுப்பில் ஒரு இழுப்பு. பெல்ட் பை வைத்துத் தைத்திருந்த இடத்தில் படக்கென்று அறுந்துவிட்டது. கைலி நழுவியது. மானத்தைக் காப்பாற்ற இரண்டு கையாலும் கைலியைப் பிடித்துக்கொண்ட அந்த நேரத்தில் கூட்டம் என்னை பஸ் வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டது. இறங்கி வந்து பார்த்தால் அவளைக் காணோம்.

முக்கால் மணி நேரம் தேடினேன். அவள் போன் வைத்துக்கொள்வதில்லை, எழுத்தும் தெரியாது. கடைசியில் ஒரு தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றவளைப் பார்த்தேன். அறுந்த பெல்ட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

“நகந்தா நீங்க தேடுற எடம் மாறிடும்ல. அதான் அசையல” என்றாள். பிறகு, “பெல்ட்ட பத்திரமா வச்சிருக்கேன். ஆளத்தான் காணோம்” என்றாள்.

சிரிப்புக்காகச் சொன்னதுதான். ஆனால் வீடு வந்து சேரும் வரைக்கும் அந்த பெல்ட்டை அவள் கையை விட்டு விடவில்லை.

உம்ரா போக வேண்டும் என்ற நிய்யத்து எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதிலிருந்தே உண்டு. தள்ளித் தள்ளிப் போனது. டாக்டர் சொன்னதைக் கேட்ட பிறகு இனித் தள்ளக் கூடாது என்று முடிவு செய்தேன். அவள் கண்ணில் வெளிச்சம் இருக்கும்போதே மக்காவில் இருக்கிற கஃபாவை அவள் பார்த்துவிட வேண்டும். எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். திருச்சியிலிருந்து போகிற ஒரு குழுவில் பெயரைக் கொடுத்துவிட்டு, அதைச் சொல்லாமல், போகலாமா என்று மட்டும் அவளிடம் கேட்டேன். அவள் முடியாது என்றுவிட்டாள்.

“நீங்க மட்டும் போயிட்டு வாங்க. தஞ்சாவூருலயே தொலஞ்சவ நான். அங்க அவ்வளவு கூட்டத்துல தொலஞ்சா யாருக்கு நம்ம பாஷ தெரியும்?”

மூன்று நாள் கெஞ்சினேன். மகள் வந்து பேசிப் பார்த்தாள். நாலாம் நாள் சோறு போடும்போது அவளாகவே, “அறுந்துபோவாத பெல்ட் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. வர்றேன்” என்றாள். பேச்சை முடிக்கச் சொன்னது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் நான் ஒரு தப்பு செய்தேன். கடைக்கு வந்த ஒருவர், ஹஜ் முடித்தவர், இஹ்ராம் கட்டின ஆம்பளைக்கு உடம்பில் தையல் போட்ட சாமானே இருக்கக் கூடாது, செருப்பில்கூடத் தையல் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் ஆண்கள் உடுத்துகிற வெள்ளைத் துணி இரண்டுக்குத்தான் இஹ்ராம் துணி என்று பெயர். கீழ்த் துணி அவிழாமல் இருக்க அதன்மேல் பெல்ட் போடுவது வழக்கம். அப்படியென்றால் அந்த பெல்ட்டிலும் தையல் இருக்கக் கூடாது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்த வயசில் இதைப் போய்க் கேட்பதா என்ற வெட்கத்தில் கேட்கவில்லை.

ஆக எனக்கு வேண்டியது இரண்டு. அறுந்துபோகக் கூடாது. ஒரு தையல்கூட இருக்கக் கூடாது.

திருவாரூர், கும்பகோணம், தஞ்சாவூர் என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லா பெல்ட்டிலும் ஓரத்தில் இரண்டு பக்கமும் தையல் ஓடுகிறது. தையல் இல்லாதது என்று ஒருவர் எடுத்துக் கொடுத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆக்ஸா பிளேடால் அறுத்துப் பார்த்தேன். மேலே வெங்காயத் தோல் மாதிரி ஒரு படலம், உள்ளே தூளை அமுக்கி ஒட்டின அட்டை. அசல் லெதர் என்று முத்திரை வேறு குத்தியிருந்தது. கும்பகோணத்தில் ஒரு கடைக்காரர், “தையல் இல்லாத பெல்ட்டா? கயிறுன்னு கேளுங்க பாய், எல்லாக் கடையிலயும் கெடைக்கும்” என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு இறங்கினேன்.

ஒரு நாள் தஞ்சாவூரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு தவில்காரர், ஏதோ கல்யாணத்தில் வாசித்துவிட்டு வந்தவர். தவிலைத் தோளில் மாட்டுகிற வார் என் கண்ணில் பட்டது. வியர்வை ஊறி ஊறிக் கறுத்துப்போன தோல். ஒரு வெடிப்பு இல்லை. புரட்டிப் பார்த்தேன், தையலும் இல்லை, அடித்து மடக்கின செம்பு ஆணி, ரிவெட், மட்டும்தான் இருந்தது. எத்தனை வருஷம் ஆகிறது என்று கேட்டேன். பதினாறு வருஷமாகத் தோளில் கிடக்கிறது, தவில்தான் இரண்டு தடவை மாறியிருக்கிறது என்றார். கீழவாசல் பக்கம் ஒரு சந்தில் ஒரு அம்மா செய்கிறார்கள் என்று வழியும் சொன்னார்.

அந்த அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். கடை சின்னது, வேலை நிறைய. தவில் வார், மாட்டுக்குக் கழுத்துமணி வார், பைக்கில் மாட்டுகிற பை என்று சுவரெல்லாம் தொங்கியது. வெளியூருக்குப் போகவேண்டிய பார்சல் இரண்டு மூட்டை வாசலில் கிடந்தது. தையல் கூடாது, பின்னால் ஒருவர் பிடித்து இழுத்தாலும் அறுந்துபோகக் கூடாது என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை.

“தையல் எதுக்கு பாய் போடுறது? ரெண்டு மெல்லிசுத் தோலச் சேத்துக் கனமாக் காட்டத்தான். ஒரே தோலு கனமா இருந்தா தையலுக்கு என்ன வேல இருக்கு?”

உள்ளே போய் ஒரு முழுத் தோலைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்து தரையில் விரித்தார். எருமைத் தோல். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பதப்படுத்தினது. அதன் வாசனை எனக்குப் புதிது, மழையில் நனைந்த மரக்கட்டை மாதிரி இருந்தது. நடுமுதுகு ஓரமாகக் கையை ஓட்டி, இந்தப் பட்டையில்தான் வெட்ட வேண்டும் என்றார். வயிற்றுப் பக்கத்துத் தோல் இழுத்தால் நீளும், திரும்பிப் போகாதாம். முதுகுத் தோல் இழுப்புக்கு அசையாது. ஒரு துண்டை வெட்டி, வெட்டின வாயை என் கண்ணுக்கு நேரே பிடித்தார். மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே நிறம், ஒரே நார். வீட்டில் அறுத்துப் பார்த்த அந்த அட்டை பெல்ட்டை நினைத்துக்கொண்டேன்.

“எப்பவும் வெட்டுவாயத்தான் பாக்கணும் பாய். மொகத்தப் பாக்கக் கூடாது. மொகத்துக்கு யாரு வேணாலும் பெயிண்ட் அடிக்கலாம்” என்றார்.

பிறகு என் இடுப்பு அளவைக் கேட்பார் என்று நின்றேன். யார் பிடித்துக்கொண்டு வருவார்கள் என்று கேட்டார். மனைவியின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். “அப்ப பெல்ட்டு ஒங்களுக்கு இல்லையே. அவங்க கை அளவு இல்லாம நான் எப்படி வெட்டுறது? கூட்டிட்டு வாங்க” என்று தோலைச் சுருட்டி வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா அவள் கையைப் பிடித்து, விரலை மடக்கச் சொல்லி, மடங்கின கைக்குள் ஒரு தோல் துண்டை வைத்து அளவு பார்த்தார். பிறகு அந்தத் துண்டை அவள் கையிலிருந்து பிடுங்குவதற்கு இழுத்தார். நழுவியது. கொஞ்சம் அகலமான துண்டை வைத்து இழுத்தார். மறுபடி நழுவியது. மூன்றாவது துண்டு, கொஞ்சம் உருட்டலாக மடித்தது, நழுவவில்லை. இரண்டு பேரும் மாறி மாறி இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் என்று ஒருவன் அங்கே நிற்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது.

பத்து நாளில் பெல்ட் தயார். மூன்று விரல் அகலம். தேன் மாதிரி நிறம். விளிம்பெல்லாம் மெழுகு போட்டுத் தேய்த்து, விரல் வைத்தால் வழுக்கும். பித்தளை பக்கிள். பக்கிளைக் கோத்து மடித்த இடத்தில் இரண்டு செம்பு ரிவெட். முதுகுப் பக்கம், அவள் கைக்குத் தோதாக ஒரு கைப்பிடி, அதே தோலில் மடித்து, இந்த முனையில் இரண்டும் அந்த முனையில் இரண்டுமாக நாலு ரிவெட் அடித்திருந்தது. அவ்வளவுதான் அதில் இருந்தது. வேண்டாதது என்று எடுத்துப்போட அதில் ஒன்றுமே இல்லை. நான் கடையில் எத்தனையோ வால்வு, எத்தனையோ பைப் கையாண்டவன். நல்ல சாமான் கைக்கு வந்தால் கை சொல்லிவிடும். அதைக் கையில் வாங்கினதும் வாயில் தானாக மாஷா அல்லாஹ் என்று வந்தது.

அந்த அம்மா அதை வாங்கி விட்டத்தில் இருந்த இரும்புக் கொக்கியில் மாட்டினார்.

“தொங்குங்க பாய்.”

“நானா?”

“பின்ன அவங்களையா தொங்கச் சொல்றது?”

கைப்பிடியைப் பிடித்துக் காலை மடக்கித் தொங்கினேன். என் எடை எண்பத்திரண்டு கிலோ. கொக்கிதான் முனகியது, பெல்ட் முனகவில்லை. என் மனைவி நேரே என்னைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தாள். டாக்டர் சொன்ன நாளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில், “சரி, பேரக் குடுத்துடுங்க” என்றாள். கொடுத்து இரண்டு மாசம் ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை.

புறப்படுவதற்கு முன் பள்ளிவாசலில் உம்ராவுக்குப் போகிறவர்களுக்கு வகுப்பு வைத்தார்கள். ஹஜ்ரத் இஹ்ராம் கட்டும் முறையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் எழுந்து, ஒரு தையல்கூட இல்லாத பெல்ட் என்று பெருமையாகத் தூக்கிக் காட்டினேன். எத்தனை கடை ஏறி இறங்கினேன் என்பதையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு மெதுவாக, உடம்பு அளவுக்கு வெட்டித் தைத்த சட்டை, கால்சட்டை மாதிரி உடுப்புத்தான் ஆண்களுக்குக் கூடாது, பெல்ட்டில் தையல் இருந்தால் ஒன்றும் இல்லை என்றார். “என்னோடதுல மூணு வரி தையல் ஓடுது நானா, பாருங்க” என்று தன் பெல்ட்டை எடுத்தும் காட்டினார். எங்கள் பக்கத்தில் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிவாசல் என்பதால் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், “நானா, அத தூக்கிப் போட்டுட்டு நல்லாத் தையல் போட்டதா ஒண்ணு வாங்கிக்கங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“தப்பாப் புரிஞ்சிக்கிட்டீங்க, நல்லதாப் போச்சு. சரியாப் புரிஞ்சிருந்தா மொதக் கடையிலயே ஒண்ண வாங்கிட்டு வந்து நின்னுருப்பீங்க. அதுவும் பஸ் ஸ்டாண்டுல அறுந்த மாதிரித்தான் அறுந்துருக்கும்” என்றாள்.

இதை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒருவனுடைய அறியாமையைக்கூட அல்லாஹ் வீணாக்குவதில்லை போலிருக்கிறது.

மக்காவில் கஃபாவைச் சுற்றி ஏழு சுற்று வர வேண்டும். கஃபா நமக்கு இடது பக்கம் இருக்கும். அவள் என் மேல் துணியை ஒதுக்கிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மூன்று சுற்று நல்லபடியாகப் போனது. நாலாவது சுற்றில், ஏதோ ஒரு நாட்டுக்காரர்கள், கையோடு கை கோத்துக்கொண்டு இருபது முப்பது பேர், எங்கள் குழுவுக்குக் குறுக்கே வந்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, அவர்களும் ஒருவரை ஒருவர் தொலைத்துவிடாமல் இருக்கத்தான் அப்படி வந்தார்கள். எங்கள் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. அதே நேரத்தில் என் இடுப்பில் ஒரு இழுப்பு. பஸ் ஸ்டாண்டில் இழுத்த அதே இழுப்பு. இதைவிட நாலு மடங்கு பலம். நான் பின்பக்கமாக வளைந்துவிட்டேன். பெல்ட் வயிற்றை இறுக்கி மூச்சு நின்றது. திரும்ப முடியவில்லை. ஓத வேண்டிய துஆ எல்லாம் மறந்துவிட்டது. யா அல்லாஹ், தோல் தாங்கட்டும் என்று மட்டும்தான் கேட்டேன்.

இழுப்பு குறையவில்லை. குறையவில்லை என்றால் அவள் இன்னும் பிடித்திருக்கிறாள் என்று அர்த்தம். அதைப் போல ஆறுதலான வலி எனக்கு வந்ததில்லை. கொஞ்ச நேரத்தில் இழுப்பு தளர்ந்து, இரண்டு சின்ன இழுப்பு வந்தது. நடங்க என்று அவள் எப்போதும் சொல்கிற ஜாடை அது. நடந்தேன். அவள் முட்டி போட்டு விழுந்துவிட்டதும், கைப்பிடியைப் பிடித்தே எழுந்து நின்றதும் பிறகுதான் தெரிந்தது. இவ்வளவுதான் நடந்தது.

ஏழு சுற்றும் முடிந்து கூட்டத்தை விட்டு ஒதுங்கி வந்தோம். அவளுக்கு ஓரம் தெரியாதே, இடது பக்கம் இருந்த கஃபாவை நடக்கும்போது அவள் பார்த்திருக்க வழியில்லை. தோளைப் பிடித்துத் திருப்பி, கஃபாவுக்கு நேராக நிறுத்தினேன். பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி மேலே எழுத எனக்குத் தெரியவில்லை.

அறைக்கு வந்த பிறகுதான் பேசினாள். “ஏழு சுத்தும் ஒங்க முதுகத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். நாலு ரிவெட்டுல ஒண்ணு கோணலா இருக்கு, கவனிச்சீங்களா?”

நான் கவனிக்கவில்லை. பார்த்தால், ஆமாம், வலது பக்கத்தில் ஒன்று கொஞ்சம் சாய்ந்திருந்தது.

ஊருக்கு வந்ததும் மக்காவிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டு அந்த அம்மாவைப் பார்க்கப் போனோம். கோணல் ரிவெட்டைப் பற்றி என் மனைவியே கேட்டுவிட்டாள். அவர் சமாளிக்கவில்லை. அடிக்கும்போது சுத்தி வழுக்கிவிட்டது, எடுத்துவிட்டு வேறு அடித்தால் ஓட்டை பெரிதாகிவிடும் என்று சொல்லிவிட்டு, “அழகுக்காகப் பலத்தக் கெடுக்கக் கூடாதுன்னு விட்டுட்டேங்க” என்றார். எனக்கு அந்தப் பதிலைக் கேட்டு அவர்மேல் மரியாதை இன்னும் கூடியது.

கதை எப்படிப் பெருகியது என்று எனக்குத் தெரியாது. எங்கள் குழுவில் வந்த ஒருவர், என் மனைவி விழுந்து எழுந்ததைப் பார்த்தவர், நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஒரு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஆறு பேர் பிழைத்தார்கள் என்றார்கள். ஒரு பெரியவர் ஓதிக் கொடுத்த பெல்ட் என்றார்கள். இருட்டில் பளபளக்கும் என்றுகூட ஒருவர் சொன்னார். போன மாசம் ஒரு வீட்டுப் பெண் வந்து, பிள்ளைக்குத் தாயத்துக் கட்ட அதில் ஓர் அங்குலம் வெட்டித் தரச் சொன்னாள். அவள் அழுதுகொண்டே கேட்டாள், எனக்குத்தான் சங்கடம். பிள்ளைக்கு உடனே டாக்டரைப் பாரும்மா, நாங்களும் துஆ செய்கிறோம் என்று சொல்லி அனுப்பினோம். அன்றைக்குத்தான் மூன்றாவது தடவையாக நோட்டை எடுத்தேன்.

அந்த பெல்ட்டில் மந்திரம் ஒன்றும் இல்லை. நல்ல எருமையின் முதுகுத் தோல் இருக்கிறது. வேலையில் ஏமாற்றாத ஒரு பெண்ணின் கை இருக்கிறது. தாங்கச் செய்தவன் அல்லாஹ், அவன் அந்தத் தோலையும் அந்தக் கையையும் கொண்டுதான் தாங்கச் செய்தான். இதைவிடப் பெரிய அற்புதம் எனக்கு வேண்டாம்.

இப்போதும் தினமும் கைலிக்கு மேல் அதைத்தான் போடுகிறேன். தேன் நிறம் மாறிக் காப்பிக்கொட்டை நிறம் வந்துவிட்டது. ஓர் இழை நீளவில்லை, பழைய ஓட்டையிலேயே பக்கிள் மாட்டுகிறது. அவளுக்கு நேர்ப் பார்வையும் இப்போது மங்கிவிட்டது. என் முதுகு ஒரு நிழல் மாதிரித்தான் தெரிகிறதாம். கடைவீதியில் நெரிசலில் பின்னாலிருந்து அவள் கை வரும். கைப்பிடியைத் தேடி, வலது பக்கத்துக் கோணல் ரிவெட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கும். இருக்கிறது, நான்தான் என்று தெரிந்ததும் இரண்டு சின்ன இழுப்பு இழுப்பாள். நான் நடப்பேன்.

இதைப் படிக்கிறவர்கள் வேறு யாருக்காவது சொல்வதாக இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆறு பேர் வேண்டாம், அவள் ஒருத்தி போதும். பளபளப்பு வேண்டாம். நான் மசலா, அதாவது மார்க்கச் சட்டம், தெரியாமல் கடை கடையாக அலைந்ததை, எனக்கு வெட்கமாக இருக்குமே என்று விட்டுவிட வேண்டாம். முக்கியமாக அந்த ஒரு ரிவெட்டை யாரும் தயவுசெய்து நேராக்கிவிடாதீர்கள். அது கோணலாகவே இருக்கட்டும்.